சங்கிலி நேராக ஓடட்டும்

காலை ஆறு மணிக்குப் பாகலூர்ச் சாலையில் நின்று பார்த்தவர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பனி விலகும் முன்னரே மோப்பெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிவிடும். ஒன்றில் பால் கேன்கள், மற்றொன்றில் கொத்தமல்லிக் கட்டுகள், இன்னொன்றில் ஈரச் சாக்கில் சுற்றிய ரோஜாக் கட்டுகள் என எல்லாம் ஓசூரை நோக்கிப் போகும். அவற்றுடன் முதல் ஷிப்டுக்குச் செல்லும் அண்ணன்மாரும் போவார்கள். எட்டு மணி ஆனதும் அதே வண்டிகளின் பின்னிருக்கையில் புத்தகப் பையுடன் நாங்கள் அமர்ந்திருப்போம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் எல்லைப்புற ஊர் எங்களுடையது. வீட்டில் பேசும் மொழி எதுவானாலும், வாசலில் நிற்கும் வண்டி பெரும்பாலும் ஒன்றுதான்.

அத்தகைய வண்டியில் நாம் எல்லோரும் ஏறுகிறோம், இறங்குகிறோம். ஆனால் அதன் பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியை என்றாவது குனிந்து பார்த்திருக்கிறோமா? நாங்களும் பார்த்ததில்லை. பார்க்க வைத்தது ஒரு சிறு விபத்து. அதன் பயனாக நாங்கள் கற்றுக்கொண்டவற்றை இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறோம்.

அன்று நடந்தது

அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த சமயம். எங்கள் வகுப்பில் ஒருத்தியின் தந்தையார் கொஞ்ச நிலத்தில் ரோஜா பயிரிடுபவர். முதல் நாள் மாலை அவருடைய பழைய மோப்பெட்டின் பின்சக்கரம் பஞ்சர். கடைக்குத் தள்ளிக்கொண்டு போக நேரமில்லாததால், வீட்டிலேயே சக்கரத்தைக் கழற்றி, டியூபுக்கு ஒட்டுப் போட்டு, மறுபடியும் மாட்டினார். எங்கள் தோழிதான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை பூக்கட்டுகளை முன்னே வைத்து, மகளைப் பின்னே ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வண்டி புறப்பட்டதிலிருந்தே கறகறவென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "சந்தைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் நினைத்தார். ஒரு மேட்டில் ஏறும்போது சத்தம் திடீரென்று நின்றது. சங்கிலி பல்சக்கரத்தைவிட்டு நழுவி, அதற்கும் சக்கரத்தின் நடுக்குடத்திற்கும் இடையே இறுகிச் சிக்கிக்கொண்டது. பின்சக்கரம் சுற்றாமல் அப்படியே பூட்டிக்கொள்ள, வண்டி இழுத்துக்கொண்டு போய்ச் சாய்ந்தது.

மேட்டில் ஏறிக்கொண்டிருந்ததால் வேகம் குறைவு. முழங்காலில் சிராய்ப்போடு தப்பினாள் எங்கள் தோழி. ஆனால் ரோஜாக்கள் சேற்றில் விழுந்தன. அன்றைய விற்பனை போயிற்று. அவள் தேர்வுக்கு அரைமணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தாள். அவர்கள் விழுந்த சிறிது நேரத்தில் கிரானைட் கல் ஏற்றிய லாரி ஒன்று அதே இடத்தைக் கடந்து போயிற்று என்று அவள் சொன்னபோது நாங்கள் யாரும் பேசவில்லை.

வண்டியைப் பார்த்த மெக்கானிக் சொன்னாராம்: "செயின் மேல தப்பு இல்லைங்கண்ணா. வீலை மாட்டும்போது ஒரு பக்கம் ஒன்றரைச் சுற்று கூட முடுக்கிட்டீங்க. வீல் கோணலா உட்கார்ந்திருக்கு. செயின் எப்படி நேரா ஓடும்?"

ஒன்றரைச் சுற்றா? அவ்வளவு சிறிய பிழை இவ்வளவு பெரிய தீங்கு செய்யுமா? இந்தக் கேள்வியோடு நாங்கள் இயற்பியல் ஆசிரியையான சகோதரியிடம் சென்றோம். "நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்றார் அவர். கணக்கைச் சொல்லுமுன் வண்டியையும் சங்கிலியையும் பற்றிச் சற்றுத் தெரிந்துகொள்வோம்.

மோப்பெட் வந்த கதை

மோட்டார், பெடல் என்னும் இரு சொற்களின் முற்பகுதிகளைச் சேர்த்து 'மோப்பெட்' என்ற பெயர் 1952ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவரால் உண்டாக்கப்பட்டது. மிதிவண்டியில் ஒரு சிறிய யந்திரத்தைப் பொருத்தியது போன்ற வண்டி என்பதே அதன் பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் மக்களிடம் பணமும் இல்லை, பெட்ரோலும் இல்லை. அக்காலத்தில் இவ்வண்டி ஏழைகளின் வாகனமாயிற்று. பிரான்சில் மோட்டோபெக்கான் நிறுவனம் 1949இல் வெளியிட்ட 'மோபிலெட்' உலகப் புகழ் பெற்றது. அதே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு நம் நாட்டில் 'சுவேகா' என்னும் மோப்பெட் வந்தது. 1972இல் புனே நகரிலிருந்து 'லூனா' வந்தது.

அடுத்த கட்டம் எங்கள் ஓசூருடையது. 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய தொழில் குடும்பத்தைச் சேர்ந்தது சுந்தரம் கிளேட்டன் நிறுவனம். அதன் மோப்பெட் பிரிவு ஓசூரில் தொழிற்சாலை அமைத்து, 1980ஆம் ஆண்டில் 'டி.வி.எஸ். 50' வண்டியை வெளியிட்டது. அதற்கு முன் வந்த மோப்பெட்டுகள் ஒருவர் செல்வதற்கென அமைந்தவை. இதுவோ இருவர் செல்லத்தக்கதாக அமைந்த முதல் இந்திய மோப்பெட். கணவனும் மனைவியும், தந்தையும் மகளும், ஆசிரியையும் அவருடைய நோட்டுப் புத்தகக் கட்டும் ஒன்றாகப் போக முடிந்தது அதனால்தான். அந்த வண்டி இன்று உற்பத்தியாவதில்லை. அதன் வழியில் வந்த 'எக்ஸ்.எல். 100' 2015இல் வெளிவந்தது. பெடல் போய்விட்டது, இரண்டு வீச்சு யந்திரத்துக்குப் பதில் நான்கு வீச்சு யந்திரம் வந்துவிட்டது. ஆனால் சங்கிலி மட்டும் போகவில்லை.

சங்கிலி என்னும் அற்புதம்

நாம் இன்று காணும் உருளைச் சங்கிலியை 1880இல் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் செய்தவர். ஒரு கண்ணியைப் பிரித்துப் பார்த்தால் அதில் ஐந்து வகை உறுப்புகள் இருக்கும். அவை வெளித்தகடு, உட்தகடு, அவற்றைக் கோக்கும் ஊசி, ஊசியின் மேல் ஒரு குழல், குழலின் மேல் சுழலும் ஓர் உருளை என்பன. பல்சக்கரத்தின் பல் இந்த உருளையின்மேல் வந்து அமர்கிறது. உருளை சுழல்வதால் உராய்வு குறைகிறது. மிதிவண்டிச் சங்கிலியில் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் உள்ள தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ.

தோல்பட்டை வழுக்கும், சங்கிலி வழுக்காது. யந்திரத்திலிருந்து வரும் விசையை ஏறக்குறைய முழுவதும் சக்கரத்திற்குக் கொண்டுசேர்க்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சங்கிலி மேலும் கீழும் வளையும். பக்கவாட்டில் வளைய அது பிறக்கவில்லை. ஆகவே முன்னே உள்ள சிறிய பல்சக்கரமும் பின்னே உள்ள பெரிய பல்சக்கரமும் ஒரே தளத்தில், மேசைமீது வைத்த இரு தட்டுகளைப் போல இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு முறை பல்லில் ஏறும்போதும் தகட்டின் உட்பக்கம் பல்லின் பக்கத்தில் உரசும். தகடு தேயும், பல் ஒருபுறமாய்க் கூராகும். மேட்டில் ஏறும்போதோ பள்ளத்தில் குதிக்கும்போதோ ஒருநாள் சங்கிலி பல்லின்மேல் ஏறி நழுவிவிடும்.

ஒன்றரைச் சுற்றின் கணக்கு

இப்போது எங்கள் கணக்கு. பின்சக்கரத்தின் அச்சை முன்னும் பின்னும் நகர்த்த இருபுறமும் ஒவ்வொரு திருகாணி உண்டு. கடைகளில் இதை 'செயின் அட்ஜஸ்டர்' என்பர். 6 மி.மீ. பருமனுள்ள சாதாரணத் திருகாணியின் மரை ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். ஒரு பக்கம் ஒன்றரைச் சுற்று அதிகம் முடுக்கினால் அச்சின் அந்தப் பக்கம் 1.5 மி.மீ. பின்னே போய்விடும்.

இரு திருகாணிகளுக்கும் இடையே 150 மி.மீ. தூரம் என்று கொள்வோம். 150க்கு 1.5 என்றால் நூற்றில் ஒரு பங்கு சாய்வு. கோணத்தில் சொன்னால் அரை பாகைக்குச் சற்று அதிகம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முன் பல்சக்கரம் பின் பல்சக்கரத்திலிருந்து 500 மி.மீ. தூரத்தில் இருக்குமானால், அதே நூற்றில் ஒரு பங்கு அங்கே 5 மி.மீ. ஆகிவிடுகிறது! சங்கிலியின் உட்தகடுகளுக்கிடையே உள்ள வெளியே ஏறக்குறைய அவ்வளவுதான். கணக்கு முடிந்ததும் எங்கள் தோழி, "அப்பா அவசரத்தில் முடுக்கினார், விளக்கைப் பிடித்த நானாவது எண்ணியிருக்கலாம்" என்றாள். அதன் பிறகுதான் நாங்கள் அனைவரும் இந்த வேலையைக் கற்றுக்கொள்வதெனத் தீர்மானித்தோம்.

கோணல் வரும் வழிகள்

கோணல் இரு வகைப்படும். முதலாவது கோண விலகல். பின்சக்கரமே சாய்வாக அமர்ந்திருப்பதால் பல்சக்கரமும் சாய்ந்திருக்கும். பஞ்சர் போட்டுச் சக்கரத்தை மாட்டியபின் வருவது பெரும்பாலும் இதுதான். இரண்டாவது பக்க விலகல். இரு பல்சக்கரங்களும் நேராகவே இருக்கும். ஆனால் ஒன்று உள்ளே தள்ளியும் மற்றொன்று வெளியே தள்ளியும் நிற்கும். அச்சில் போட வேண்டிய வாஷரையோ குழல் துண்டையோ மறந்துவிடுதல், இடம் மாற்றிப் போடுதல், யந்திரத்தைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்தல், முன் பல்சக்கரம் தன் தண்டில் ஆடுதல் ஆகியவை இதற்குக் காரணம்.

இவை தவிர, சக்கரத்தின் பேரிங் தேய்ந்து சக்கரமே பக்கவாட்டில் ஆடலாம். அளவுக்கு மேல் பாரம் ஏற்றிப் பின்கவை வளைந்திருக்கலாம். பல்சக்கரம் அடிபட்டு நெளிந்திருக்கலாம்.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். சக்கரத்தின் ரிம் வளைந்து ஆடினால் 'கோட்டம்' என்கிறோம். கோட்டம் எடுத்துவிட்டால் செயினும் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். அப்படியன்று. பல்சக்கரம் நடுக்குடத்தோடு இணைந்திருப்பதால் ரிம்மின் கோட்டம் சங்கிலியைப் பாதிப்பதில்லை. கடைகளில் விற்கும் மோட்டார் பெட்டியை வாங்கிச் சாதாரண சைக்கிளில் பொருத்துபவர்கள், பல்சக்கரத்தைப் போக்ஸ் கம்பிகளோடு ரப்பர் வைத்து இறுக்குகிறார்கள். அதில் மட்டுமே கம்பியின் கோட்டம் பல்சக்கரத்தையும் ஆட வைக்கும். அத்துடன் சங்கிலியைத் தாங்கும் சிறு உருளையின் பிடி தளர்ந்து கம்பிகளுக்குள் புகுந்தால் சக்கரம் நொடியில் பூட்டிக்கொள்ளும். முறையான ஒப்புதல் இன்றி வண்டியை இவ்வாறு மாற்றியமைப்பது சட்டத்திற்கும் புறம்பானது. ஆகவே எங்கள் ஊர்ச் சிறுவர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறோம்.

கண்டறிவது எப்படி?

முதலில் யந்திரத்தை நிறுத்துங்கள், சாவியை எடுத்துவிடுங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரம் தரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சங்கிலி மூடியைக் கழற்றுங்கள். யந்திரம் ஓடும்போது சங்கிலியின் அருகே விரலைக் கொண்டு செல்லவே கூடாது. பல்லுக்கும் சங்கிலிக்கும் இடையே அகப்பட்ட விரல் முழுதாகத் திரும்பி வருவதில்லை.

முதல் சோதனை கண்ணால் செய்வது. வண்டியின் பின்னே தரையில் அமர்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சங்கிலியின் மேல்வரிசையை முன்னோக்கிப் பாருங்கள். நூல் பிடித்தாற்போல் நேராகப் போனால் நலம். பின் பல்சக்கரத்தை விட்டுப் புறப்படும் இடத்தில் ஒரு முறிவு தெரிந்தால் கோணல் உண்டு. உட்தகடுகளின் உட்பக்கம் ஒரே பக்கமாகப் பளபளத்தாலும், பற்களின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் அதே செய்திதான்.

இரண்டாம் சோதனை அளவுகோல். நேரான இரும்பு அளவுகோல் ஒன்றைப் பின் பல்சக்கரத்தின் தட்டையான பக்கத்தோடு ஒட்டி, முன் பல்சக்கரம் வரை நீட்டுங்கள். முன் பல்சக்கரத்தின் இரு விளிம்புகளிலும் ஒருசேரப் படிந்தால் எல்லாம் சரி. இரு விளிம்புகளிலும் ஒரே அளவு இடைவெளி இருந்தால் பக்க விலகல். ஒரு விளிம்பில் மட்டும் பட்டு மறு விளிம்பில் இடைவெளி தெரிந்தால் கோண விலகல்.

மூன்றாம் சோதனை நாடா. பின்கவை ஆடும் மூட்டின் நடுவிலிருந்து பின் அச்சின் நடு வரை இருபுறமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருத்தல் வேண்டும். கவையின்மேல் கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். அவை உதவும் என்றாலும், பழைய வண்டியில் அவற்றை மட்டும் நம்புவதைவிட அளந்துவிடுவது நல்லது. பூக்கட்டும் நூலை முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை டயரின் பக்கத்தோடு இழுத்துப் பிடித்தும் பார்க்கலாம். இரு டயர்களும் ஒரே அகலமானால் நூல் நான்கு இடங்களில் தொட வேண்டும். எங்கள் பகுதியில் நூலுக்குப் பஞ்சமில்லை அல்லவா!

சரிசெய்யும் முறை

கோண விலகலை வீட்டிலேயே சரிசெய்யலாம். அதன் படிகள் இவை.

1. பின் அச்சின் பெரிய நட்டைத் தளர்த்துக. முழுவதும் கழற்ற வேண்டாம். அதில் பிளவு ஊசி இருந்தால் முதலில் அதை எடுத்து, வேலை முடிந்ததும் புதியது போடுக.

2. இரு அட்ஜஸ்டர்களின் பூட்டு நட்டுகளைத் தளர்த்துக. அளவில் பின்தங்கிய பக்கத்தை மட்டும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி இருபுறமும் சமமாக்குக. ஒவ்வொரு கால் சுற்றையும் ஒருவர் உரக்க எண்ணுதல் நன்று.

3. சமமான பிறகு தொய்வைப் பார்க்க. இரு பல்சக்கரங்களுக்கும் நடுவே சங்கிலியின் கீழ்வரிசையை விரலால் மேலும் கீழும் அசைத்தால் எவ்வளவு அசைகிறதோ அதுவே தொய்வு. வண்டியின் கையேட்டில் கூறிய அளவே சரியான அளவு. பொதுவாக மோப்பெட்டுகளுக்கு 20 முதல் 25 மி.மீ. வரை இருக்கும்.

4. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, பல இடங்களில் தொய்வை அளக்க. ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் இருக்கும். மிக இறுக்கமான இடத்தில் சரியான தொய்வு இருக்கும்படி வைக்க.

5. தொய்வைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் இருபுறமும் ஒரே எண்ணிக்கையில் திருப்புக. இங்கேதான் எங்கள் தோழியின் தந்தையார் தவறினார்.

6. அச்சு நட்டை நன்றாக முடுக்குக. முடுக்கும்போது அச்சு சற்றே நகர்வதுண்டு. ஆகவே மறுபடியும் அளக்க. பின் பூட்டு நட்டுகளை இறுக்குக.

7. அச்சு நகர்ந்ததால் பின் பிரேக்கின் கம்பியும் இழுபட்டிருக்கும். சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா, பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்க. இதை மறப்பவர்கள் பலர்.

8. மூடியைப் பொருத்தி, பாரமின்றி மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து, மீண்டும் ஒருமுறை நட்டுகளைத் தொட்டுப் பார்க்க.

சங்கிலி தொய்ந்தால் தீமை என்று எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மேல் இறுக்கினாலும் தீமையே. பின்னே இருவர் அமர்ந்து வண்டி பள்ளத்தில் இறங்கும்போது கவை மேலே எழும். சங்கிலி இன்னும் இறுகும். அப்போது பேரிங்கும் பல்லும் தேயும், சில சமயம் சங்கிலியே அறும்.

பக்க விலகலோ, வளைந்த கவையோ, ஆடும் பேரிங்கோ இருந்தால் நாமே முயல வேண்டாம். மெக்கானிக்கிடம் கொண்டு செல்வதே முறை. ஆனால் "செயின் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், "அச்சு இருபுறமும் சமமாக இருக்கிறது, முன் பல்சக்கரம் உள்ளே தள்ளி நிற்கிறது" என்று சொன்னால் அவருக்கும் வேலை எளிது, நமக்கும் செலவு குறைவு.

சங்கிலி நீள்வதில்லை, தேய்கிறது

"செயின் நீண்டுவிட்டது" என்பார்கள். இரும்புத் தகடு அவ்வளவு எளிதில் நீளாது. ஊசியும் குழலும் உரசித் தேய்ந்து, ஒவ்வொரு மூட்டிலும் சிறு இடைவெளி உண்டாகிறது. அரை அங்குலச் சங்கிலியில் 24 கண்ணிகள் சேர்ந்தால் ஓரடி, அதாவது 304.8 மி.மீ. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மி.மீட்டரில் எட்டில் ஒரு பங்கு தேய்ந்தால் மொத்தம் 3 மி.மீ. கூடிவிடும். நூற்றுக்கு ஒரு பங்கான இந்த அளவை எட்டினாலே மிதிவண்டிச் சங்கிலியை மாற்றிவிடுவது நல்லது. மோப்பெட்டின் சங்கிலிக்கு அதன் கையேடு சொல்லும் எல்லையைப் பார்த்துக்கொள்க. அளவுகோல் இல்லையெனில், பின் பல்சக்கரத்தின் பின்புறத்தில் சங்கிலியைப் பிடித்துப் பின்னே இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அப்போது பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் சங்கிலியை மாட்டினால் புதியதும் விரைவில் பழையதாகும்.

எங்கள் பகுதியின் செம்மண் புழுதியே சங்கிலியின் பெரிய பகை. எண்ணெயோடு சேர்ந்து அது அரைக்கும் பசையாகிவிடுகிறது. மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, உலர்ந்தபின் எஸ்.ஏ.இ. 90 கியர் எண்ணெயைக் கண்ணிகளின் இடையே சொட்டுச் சொட்டாக விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். பெட்ரோலால் கழுவுவது நெருப்புக்கு அழைப்பு விடுப்பதாகும். பிரேக் டிரம்மின்மேல் எண்ணெய் படாமல் காக்க வேண்டும்.

சங்கிலியைக் கழற்றி மாட்டும்போது இணைப்புக் கண்ணியின்மேல் ஒரு சிறிய கிளிப் வரும். அதன் ஒரு முனை மூடியும் மறுமுனை பிளந்தும் இருக்கும். அதை ஒரு மீனாக நினைத்துக்கொள்ளுங்கள். மூடிய முனை தலை, பிளந்த முனை வால். சங்கிலி ஓடும் திசையில் மீன் தலை முன்னாக நீந்த வேண்டும். திருப்பி மாட்டினால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை

தாவணியும் துப்பட்டாவும் சேலை முந்தானையும் சங்கிலிக்கும் சக்கரத்துக்கும் இரையாகும் செய்திகளை நாம் கேட்டிருக்கிறோம். பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. மூட்டை கட்டுவதற்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பெற்றோர் அருள்கூர்ந்து அதைத் திரும்ப மாட்டச் செய்ய வேண்டுகிறோம். சங்கிலி மூடியும் அழகுக்காக வைத்ததன்று. நாமும் துப்பட்டாவை இடுப்பைச் சுற்றி முடிந்துகொண்டு, பையை மடியில் வைத்து, தலைக்கவசம் அணிந்து அமர வேண்டும்.

ஓட்டும் ஆசை உள்ள தோழிகளுக்கு ஒரு செய்தி. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 16 வயது நிறைந்தவர் உரிமம் பெற்று ஓட்டக்கூடியது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டுமே. இன்று நம் வீடுகளில் உள்ள எக்ஸ்.எல். 100 வண்டியோ 99.7 சி.சி. ஆகவே 18 வயது வரை பொறுத்திருக்க வேண்டும். வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் சிறையும் உண்டென 2019இல் சட்டம் திருத்தப்பட்டது. ஓட்டத்தான் வயது வேண்டும். ஸ்பேனர் பிடிக்க வயது வேண்டியதில்லை.

இப்போது எங்கள் வீடுகளில்

விடுமுறையில் நாங்கள் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டு வண்டியை அளந்து பார்த்தோம். சில வண்டிகளில் அச்சு சமமாக இல்லை. ஒன்றில் கிளிப் மீன் வாலை முன்னே நீட்டிக்கொண்டிருந்தது. முதலில் "பெண்பிள்ளைகளுக்கு இது என்னத்துக்கு?" என்று சிரித்த ஒரு தாத்தா, தம் வண்டியின் கறகறப்பு நின்றதும், பக்கத்து வீட்டு வண்டியையும் அழைத்து வந்துவிட்டார்.

எங்கள் தோழியின் தந்தையார் இப்போது சக்கரத்தை மாட்டும்போதெல்லாம் மகளைக் கூப்பிடுகிறார். அவள் வலப்பக்கம், அவர் இடப்பக்கம். "கால்", "அரை", "முக்கால்", "ஒன்று" என்று இருவரும் சேர்ந்து எண்ணுகிறார்கள். பிறகு அவள் பின்னே அமர்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "நேராக இருக்கிறது, அப்பா" என்று சொன்ன பின்னரே ரோஜாக் கட்டுகள் வண்டியில் ஏறுகின்றன.

உங்கள் வீட்டு வண்டியையும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை குனிந்து பாருங்கள். கால் மணி நேரம் போதும்.